வீரையன் மோட்டாருக்கு ஜாய்ஸ் போட்ட பூட்டு

ஐயம்பேட்டைக் கடைத்தெருவில் மோட்டார், பம்ப், பைப் விற்கிறவன் நான். யாராவது வந்து, "ஹம்தான் பாய், இந்த போன் ஸ்டார்ட்டர் எந்த ஊர் சரக்கு?" என்று கேட்டால் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். போனிலேயே மோட்டாரை ஓடவிடுகிற அந்தப் பெட்டியைச் செய்வது மருதையன் பட்டறை. பெட்டிக்குள் இருக்கிற புத்தி தஞ்சாவூர் மானம்புச்சாவடி ஜாய்ஸுடையது. ஜாய்ஸ் கதையைச் சொல்லாமல் நான் யாரையும் கடையைவிட்டு அனுப்புவதில்லை. நீங்களும் உட்காருங்கள்.

ஜாய்ஸ் லுத்தரன் சபைக் குடும்பம். சென்னையில், நோயாளிக்கு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிற மெஷினுக்கு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார். கணவருக்கு இங்கே மாற்றல் வந்ததும் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பினார். வந்தவர் சும்மா இருந்தாரா? போன் போட்டால் ஓடுகிற எங்கள் பக்கத்து வயல் மோட்டார்களைப் பார்த்துப் பதறிப்போனார்.

"பாய், ஆஸ்பத்திரி மெஷினுக்கு ஆயிரம் கட்டுப்பாடு இருக்கு. ஒரு ஆளையே இழுத்துச் சுருட்டுற மோட்டாருக்கு ஒண்ணுமே இல்லையா?"

இல்லாமல் என்ன? மெஷின் பக்கத்தில் ஆள் இருந்தால் தூரத்திலிருந்து ஓடவிடக் கூடாது, போன கரண்ட் திரும்பினால் அது தானாகக் கிளம்பக் கூடாது என்பதற்கெல்லாம் தர விதிகள் உண்டு. யார் கண்ணில் படுகின்றன என்பதுதான் கேள்வி. ஜாய்ஸ் படித்த கல்லூரியில் அந்தப் புத்தகங்கள் கண்ணாடி பீரோவுக்குள் கிடக்குமாம், சாவி துறைத்தலைவரிடம். இப்போது நம் நாட்டு விதிகள் பலவற்றை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். வெளிநாட்டு விதிகளைக் காசு கொடுத்து வாங்கினாலும் நகல் எடுத்து நாலு பேருக்குக் கொடுக்கக் கூடாது. உயிர் காக்கிற விதியைப் போய் ஒளித்து வைப்பானா மனுஷன்? நினைத்தாலே எனக்கு எரிகிறது.

ஜாய்ஸ் எரிச்சல்படவில்லை. விதியின் வாசகத்தைத்தானே எடுத்துப் போடக் கூடாது, காரணத்தைச் சொல்வதை யார் தடுப்பது? மருதையன் பெட்டிக்குத் தான் எழுதிய புரோகிராமை வரி விடாமல் இணையத்தில் திறந்து வைத்தார். இது ஏன் இப்படி என்று இடத்துக்கு இடம் தன் சொந்தத் தமிழில் எழுதினார். யாரும் எடுத்துக்கொள்ளலாம், தப்பு இருந்தால் சொல்லலாம். மன்னார்குடி எலெக்ட்ரீஷியன் ஒருவர் சொன்ன தப்பைத் திருத்தி, அவர் பெயரையும் பக்கத்தில் போட்டிருக்கிறார்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. மோட்டார் பெட்டியில் ஒரு சிம் கார்டு இருக்கும். அந்த நம்பர் குடும்பத்தில் எல்லார் போனிலும் இருக்கும், மாமன் மச்சான் உட்பட. மும்முனைக் கரண்ட் முறைவைத்துத்தான் வரும். வந்ததும் பெட்டி எல்லாருக்கும் மெசேஜ் அனுப்பும். யாருக்குக் கை அரிக்கிறதோ அவர் போட்டுவிடுவார். சிங்கப்பூரிலிருந்து மகன் மோட்டார் போட்டால் அப்பனுக்கு ஊர் முழுக்கப் பெருமை. பம்ப் பக்கத்தில் யார் நிற்கிறார் என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

அதற்காகத்தான் ஜாய்ஸ் பெட்டியில் ஒரு சிவப்பு சுவிட்ச் வைத்தார். மோட்டாரில் கை வைக்கிறவர் முதலில் அதைத் திருகிப் பூட்டிவிட்டால் எந்த போனுக்கும் மோட்டார் அசையாது. அதே இடத்துக்கு வந்து திருப்பித் திருகினால்தான் உண்டு.

மெலட்டூர் பக்கத்து வீரையன் அண்ணன் ஒருநாள் பூட்டிவிட்டு, திறக்க மறந்து கல்யாணத்துக்குப் போய்விட்டார். நாற்றங்கால் காய்ந்தது. மறுநாள் கடையில் வந்து குதித்தார்.

"மோட்டார் என்னுது, நாத்து என்னுது. பூட்டு மட்டும் அந்தம்மாவுதா பாய்?"

இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். மருதையனுக்குப் பயம் வந்துவிட்டது. "ரகசிய நம்பர் ஒண்ணு வச்சிடறேன். போன்லயே பூட்டைத் திறந்துக்கட்டும். புரோகிராம்தான் திறந்து கிடக்கே, நானே மாத்திக்கிறேன்" என்றார். அது நடந்தால் ஜாய்ஸ் இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் விழலுக்கு இறைத்த நீர்தான்.

ஜாய்ஸ் கடைக்கு வந்தார். குரலை உயர்த்தவில்லை. "மாத்துங்கண்ணே. தடுக்க எனக்கு உரிமை இல்ல. மாத்தினதையும் இதே மாதிரி எல்லாருக்கும் திறந்து வைக்கணும், அதுதான் நிபந்தனை. ஏன் மாத்தினீங்கன்னு காரணத்தையும் எழுதிடுங்க."

மருதையன் மோவாயைச் சொறிந்தார். வீரையன் விடுவாரா? மகன் செந்தில்குமாரை வீடியோ காலில் கூப்பிட்டு நியாயம் கேட்கச் சொன்னார். பையனுக்கு சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை.

"தம்பி, அங்க மெஷினுக்குள்ள கை விடணும்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார் ஜாய்ஸ்.

"என் பூட்டை மாட்டுவேன்க்கா. சாவி என் பாக்கெட்ல இருக்கும்."

"உங்க சூப்பர்வைசர் போன்லயே அதைத் திறப்பாரா?"

"திறந்தா அவருக்கு வேலை போயிடும்."

"அப்பாவுக்கு மட்டும் ஏன் தம்பி வேற நியாயம்?"

"அக்கா, அது கப்பல். இது வயக்காட்டு மோட்டாரு" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டான்.

ஜாய்ஸின் முகம் வாடித்தான் போனது. "மறதிக்கு மருந்து தர்றேன் பாய், பூட்டை எடுக்கமாட்டேன்" என்றார். அந்த வாரமே, பூட்டியபடி கிடந்தால் பெட்டியே வீரையனை போனில் கூப்பிட்டுச் சொல்கிற மாதிரி எழுதிக் கொடுத்தார். மருதையனும் நடவு முடியட்டும் என்று ரகசிய நம்பரைத் தள்ளி வைத்தார்.

குறுவை நடவு சமயம். ஒருநாள் காலையில் வீரையன் சம்சாரம் ஆனந்தவல்லி அக்கா போன் செய்தார். "பாய், மோட்டாரு பூட்டியே கிடக்கு. அவரு போனை வீட்டிலயே வச்சுட்டு எங்கயோ போயிட்டாரு. ரகசிய நம்பர் மட்டும் இருந்திருந்தா நானே திறந்திருப்பேன்னு பையன் கத்துறான். வந்து பாருங்களேன்."

நான் வண்டியை வரப்பில் நிறுத்தும்போது அக்காவும் வந்துவிட்டார். கையில் போன், அதில் மகன் முகம், வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தான். மோட்டார் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தோம்.

உள்ளே வீரையன் அண்ணன் குந்தியிருந்தார். கழன்ற பெல்ட்டைச் சக்கரத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். வலது கை முழங்கைவரை பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில். சிவப்பு சுவிட்ச் பூட்டில் இருந்தது.

அக்கா அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். "எத்தனை தடவைடா மோட்டாரைப் போடப் பார்த்தே?" என்று போனைப் பார்த்துக் கேட்டார்.

"நாலஞ்சு தடவை. ஏன்மா?"

அக்கா போனைக் கொட்டகைப் பக்கம் திருப்பினார். திட்டு நின்றது. "அப்பா, கையை எடுத்துக் காட்டுப்பா" என்று மகன் குரல் மட்டும் கேட்டது.

வீரையன் கிரீஸ் அப்பிய கையைத் தூக்கிக் காட்டினார். "அஞ்சும் இருக்குடா. எதுக்கு அழுவுற?"

ரகசிய நம்பர் பேச்சை மருதையன் அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. செந்தில்குமாரே அவருக்கு போன் செய்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

கடைக்கு வந்ததும் முதல் வேலையாக ஜாய்ஸைக் கூப்பிட்டேன். இந்தப் பொம்பளை எங்கள் ஊர்க்காரி என்று எட்டுத் திக்கும் கேட்கக் கத்த வேண்டும்போல இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றுதான் கேட்டார்.

"பாய், சுவிட்சை அவராத்தானே பூட்டினாரு? யாரும் சொல்லலையே?"

"அவராத்தான்மா. உங்களைத் திட்டிக்கிட்டே பூட்டினாராம்."

ஜாய்ஸ் வாய்விட்டுச் சிரித்தார். "திட்டட்டும் பாய். பூட்டினாரே, அது போதும்."