கணபதியப்பன் எழுதாத வாழ்க்கை

கடைசிப் பந்தியில்தான் உட்காருவார். அடியந்திர வீட்டில், அதாவது இறந்தவருக்குப் பதினாறாம் நாள் விருந்து நடக்கும் வீட்டில், முதல் பந்தியில் இடம் இருந்தாலும் தோவாளை கணபதியப்பன் ஒதுங்கி நின்றுகொள்வார். இலையில் பிரதமன் பாயசம் விழும்வரை வாய் திறக்க மாட்டார். விழுந்ததும் பக்கத்து இலைக்காரரிடம் மெதுவாகக் கேட்பார்: "ஆளு எப்படி ஓய், நல்லா சோறு திம்பாரா?"

அவருடைய புத்தகங்கள் அங்கேதான் பிறக்கின்றன. செத்த அன்று எல்லோரும் புகழ்வார்கள், வருஷம் கழிந்தால் மறந்துவிடுவார்கள், பதினாறாம் நாள் வயிறு நிறைந்தவன்தான் உள்ளதைச் சொல்வான் என்பது அவர் கட்சி. மின்வாரியத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர்ப் பக்கத்தில் இருந்து எழுதி, வெளியே பெயர் தெரியாமல் போனவர்களின் வாழ்க்கையைத்தான் எழுதுவார். எழுதப்போகும் ஆளுக்கு முடி வெட்டியவரைத் தேடிப்போய்த் தன் தலையையும் கொடுத்துவிட்டுக் கதை கேட்பார். புத்தகம் முடிவதற்குள் தலையில் ஒன்றும் மிஞ்சாது.

வீரம் கொப்பளிக்கப் பாட்டெழுதிய ஒரு கவிஞர், நாய்க்குப் பயந்து தெரு சுற்றிப் போவார் என்று ஒருமுறை எழுதிவிட்டார். கவிஞரின் மகன் செல்வதாஸ் சண்டைக்கு வந்தார். இவர் அசையவில்லை. "பயந்த மனுசன் வீரத்த எழுதுனாம்லா, அதுதான் மக்கா பெருமை" என்றார். பிறகு அந்த வீட்டுக் கல்யாணத்தில் தாம்பூலப் பையில் அதே புத்தகத்தைப் போட்டுக் கொடுத்தார்கள்.

உயிரோடு இருப்பவர்களைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுத மாட்டார். "அடியந்திரம் கழியாம நான் பேனாவ எடுக்க மாட்டேன். உசுரோட இருக்கவன் நாளைக்கு என்ன செய்வாம்னு யாருக்குத் தெரியும்?" நியாயமான பேச்சுதான். ஆனால் அதனாலேயே ஒரு கெட்ட பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது. வயதான எழுத்தாளர்கள் வீட்டில் இவர் தலை தெரிந்தால் வீட்டாருக்கு முகம் வாடிவிடுகிறது. காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு கதாசிரியர் இவரைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணுமில்ல ஓய், சும்மா டெஸ்டுக்கு வந்தேன்" என்றாராம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பவரும் கணபதியப்பன்தான்.

முத்துநாயகம் விஷயத்தில் அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று. குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்துகொண்டே சிறுகதை எழுதியவர். கல்லூரி நாளிலிருந்து இவருக்கு உயிர்ச் சிநேகிதர். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போய்ப் பார்த்தால் நாள் நெருங்கிவிட்டது என்று அவன் நினைத்துவிடுவானே என்று இவர் மருகினார். போகாமல் இருக்கவும் முடியவில்லை. பஸ் ஏறப் போவதும் பாதியில் திரும்பி வருவதுமாக இருந்தார். பார்க்கப் பொறுக்காமல் போன வாரம் பக்கத்து வீட்டுக்காரனான நான்தான் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனேன்.

வாசலில் முத்துநாயகத்தின் மகள் ஷைஜா தடுத்தாள். "கோவிச்சுக்கிடாதீங்க மாமா. உங்களக் கண்டா அப்பா பயந்து வெப்ராளப்படுவாரு."

"செரி மக்கா. நான் இங்கினயே நிக்கேன். அவன் இருமுகது கேட்டாப் போதும்."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாரு, கணவதியா? ஏட்டி, அவன உள்ள விடு."

முத்துநாயகம் எலும்பும் தோலுமாகக் கட்டிலில் கிடந்தார். அவருக்காக அவித்த ஏத்தம்பழத்தை ஷைஜா நறுக்கிக் கொண்டுவந்து வைத்தாள். கணபதியப்பன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

முத்துநாயகம்தான் ஆரம்பித்தார். "எல்லாவனுக்கும் எழுதுன. எனக்கு எழுத மாட்டியாலே? நான் போன பொறவு நீ கண்டவங்கிட்டப் போயிக் கேப்ப. இப்பமே நான் சொல்லுகேன், எழுதிக்கோ. நான் பொறந்தது பேச்சிப்பாறைக்குப் பக்கத்துல..."

கணபதியப்பன் பழத்தில் ஒரு துண்டை எடுத்து அவர் வாயில் வைத்தார். அதை மென்று விழுங்கிவிட்டு அவர் மறுபடியும் வாய் திறந்தபோது, அடுத்த துண்டை எடுத்து நீட்டினார்.