என் கணவரின் இலையில் கை வைத்த படகுக்காரர்

இன்று என் கணவரின் திதி. அவர் படத்தின் முன் இலையில் படைத்துவிட்டு, சூடம் எடுக்க உள்ளே போனேன்.

திரும்பினால், கூடத்தில் சப்பாத்துக் காலோடு ஒரு வெள்ளைக்காரத் தம்பதி! பாய்மரப் படகில் எங்கள் மலாய்த் தீவுக்கு வந்து ஜார்ஜ் டவுனைச் சுற்றிப் பார்க்கிறார்களாம். கதவு திறந்திருந்ததால் மியூசியம் என்று நினைத்தார்களாம். அந்த மனிதர் இலையிலிருந்த வடையைத் தின்றுகொண்டிருந்தார்.

"இது என் வீடு. அது இறந்துபோன என் கணவரின் சாப்பாடு" என்று கான்வென்ட் ஆங்கிலத்தில் சொன்னேன்.

மன்னிப்புக் கேட்டவர், வாசலில் திரும்பி, "வடை அருமை. உப்புதான் கொஞ்சம் குறைவு" என்றார்.

என்ன திமிர்! படைக்கும் முன் நான் எப்படி ருசி பார்ப்பது?

பக்கத்து வீட்டு மீனா சிரிக்கிறாள். "விடுங்கக்கா, அண்ணனும் எப்பவும் இதத்தான் சொல்வாரு லா!"

புது வடை சுடப் போகிறேன். உப்பைக் கூட்டினால் யார் பேச்சைக் கேட்டதாக ஆகும்? நீங்களே சொல்லுங்கள்.