சட்டியின் பெயர் மட்டும்

ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்றபோது தொலைபேசி அடித்தது. கொட்டகலையிலிருந்து புஷ்பாவின் தம்பி. "அக்கா போயிருச்சிங்க சேர். நெஞ்சு வலின்னாங்க." பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

ஆய்வுகூட உதவியாளராகத்தான் நம் துறையில் உங்களில் பலர் அவரை அறிவீர்கள். அதற்கு முன் தேயிலைத் தொழிற்சாலையில் தூளிலிருந்து காம்பு பொறுக்கியவர். கொத்மலை நீர்த்தேக்கச் சேற்றில் பிளாஸ்டிக் துணுக்குகளைத் தேடிய எங்களுக்கு அந்தக் கண் தேவைப்பட்டது. சேற்றை உப்புநீரில் கலக்கினால் பிளாஸ்டிக் மிதக்கும். மக்கிய இலையும் மிதக்கும். மருந்து ஊற்றிச் சூடாக்கினால் இலை கரையும். நரம்பு மட்டும் வெளுத்து நூல்போல் மிஞ்சும். ஒவ்வொரு நூலையும் புஷ்பா காய்ச்சிய ஊசியால் தொடுவார். கருகினால் இலை. சுருண்டு உருகினால் பிளாஸ்டிக்.

இரண்டு மாதம் நூல்கள் உருகிக்கொண்டே இருந்தன. பூரித்துப்போனோம்.

ஒரு காலை, பிளாஸ்டிக் இழையில் நெய்த வெற்று உரச்சாக்கு ஒன்றைச் சுத்தமான நீரில் அலசி, அந்த நீரை வடிகட்டி, தாளை என் முன் வைத்தார். அதே வெள்ளை நூல்கள். சேற்றை உரச்சாக்கில்தான் சுமந்து வந்திருந்தோம். தோட்டத்தில் எல்லாமே அதில்தான் வரும்.

"இப்ப என்ன செய்யச் சொல்லுறீர்?" என்றேன். எரிச்சல்.

"கொட்டிட்டு மறுபடி அள்ளணுங்க சேர்."

துறைத் தலைவர் சிரித்தார். "அப்படியே எழுதுங்கோ. ஆருக்குத் தெரியப்போகுது?"

"சாக்குக்குத் தெரியுமே சேர்."

புஷ்பாவை நிரந்தரமாக்கும் கடிதம் அப்போது தலைவரின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அது அங்கேயே கிடந்தது. சாகும்வரை அவர் நாட்கூலி.

மறுபடி அள்ளினோம், அவர் வீட்டு அலுமினியச் சட்டியில். நூல்கள் குறைந்தன. ஆனால் அவை நீர்த்தேக்கத்தின் நூல்கள்.

கட்டுரை அச்சில் வந்தது. தலைவர் பெயர். என் பெயர். புஷ்பா கேட்டார்: "நம்ம சட்டி பேராவது போட்டிருக்கீங்களா சேர்?"

போட்டிருந்தேன். 'மாதிரிகள் அலுமினியப் பாத்திரத்தில் சேகரிக்கப்பட்டன.' சட்டி இருந்தது. அவர் இல்லை. அந்த வாக்கியத்தைத் தட்டச்சு செய்தவை என் விரல்கள். யாரும் என் கையைப் பிடிக்கவில்லை.

இரங்கல் கூட்டத்தில் தலைவர், "விசுவாசமான பிள்ளை" என்றார். யாருக்கு? நீங்கள் தலையாட்டினீர்கள். நானும்தான்.

சட்டி என்னிடம் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கவே இல்லை. சேறு அள்ளுமுன் அதில் சுத்தமான நீரை ஊற்றி வடித்துப் பார்க்கிறேன், நாங்களே கொண்டுவந்த அழுக்கு எவ்வளவு என்று. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.