அந்தோனிதாசன் நின்ற படமும் ஓடிய படமும்

கோப்பன்ஹேகனில் சிவப்பு விளக்கு விழுந்தால் சைக்கிளில் வருகிற எல்லாரும் காலை ஊன்றுவார்கள். அந்தோனிதாசன் ஊன்றமாட்டார். கைப்பிடியைச் சற்றே திருப்பி, இரண்டு காலும் மிதியில் இருக்க, பச்சை வரும்வரை அப்படியே நிற்பார். யாழ்ப்பாணத்துப் பாசையூர்க் கோயில் மைதானத்தில் ஐந்து நாள் கால் நிலத்தில் படாமல் சைக்கிள் ஓடிக் காட்டியவர். சைக்கிளில் இருந்தபடியே முகம் கழுவி, சோறு தின்று பழகிய உடம்பு.

1987 இல், மருத்துவமனையில் தரை துடைக்கும் வேலைக்கு அவர் போகிற வழியில், பிரெபன் என்ற டேனிஷ்காரர் இதைக் கவனித்தார். அவர் ஒரு சைக்கிள் பந்தயக் கழகத்தின் பயிற்சியாளர். மறுவாரமே அந்தோனிதாசன் சீமெந்து வட்டப்பாதையில் ஏறினார். பந்தயச் சைக்கிளுக்குப் பிரேக் இல்லை; சக்கரம் சுழலும்வரை மிதியும் சுழலும். பழக்கதோசத்தில் காலை நிறுத்தியவரை அது தூக்கி எறிந்தது.

"சைக்கிள் பழுது," என்றார்.

"பழுது உன் காலில்," என்றார் பிரெபன்.

இருவர் மோதும் குறுந்தூரப் பந்தயத்தில் முன்னால் போகிறவனுக்குத்தான் கஷ்டம். காற்றை அவன் கிழிக்க, பின்னால் வருகிறவன் சுகமாக வந்து கடைசியில் முந்திவிடுவான். அதனால் இருவருமே போகாமல் நிற்கப் பார்ப்பார்கள். முப்பது வயதில் தொடங்கிய அந்தோனிதாசனுக்குக் கால்வேகம் போதாது. நிற்பதில் அவரை வெல்ல ஆளில்லை. எதிராளி தள்ளாடி முன்னே போக, இவர் பின்னால் ஒட்டிக்கொண்டு போய் வெல்வார். ஒரே கோடையில் ஏழு வெற்றி.

வீட்டு அலுவல்தான் சரிவரவில்லை. ஊரில் இருந்த மனைவி கத்தரீனாவை அழைக்க விண்ணப்பித்திருந்தார். கேட்டு எழுதும்போதெல்லாம் ஒரே பதில் வந்தது: 'பெஹாண்ட்லிங்'கில் இருக்கிறது. அந்தச் சொல்லை அவர் மருத்துவமனைக் கதவுகளில் பார்த்திருக்கிறார். சிகிச்சை. அப்படியே ஊருக்கு எழுதினார்: 'எங்கட விசயம் சிகிச்சையில இருக்குதாம்.'

அறைத்தோழர் பாலேந்திரா சிரித்தார். "விசாரணையில இருக்கு எண்டதுக்கும் அதே சொல்தான். நீ கேஸை ஆஸ்பத்திரி வாட்டில படுக்கப் போட்டிட்டாய்."

"அப்ப ஏன் அது எழும்பி வருதில்லை?"

தமிழரின் கோப்புகள் டென்மார்க் நீதி அமைச்சில் அசையாமல் கிடந்த கதை பிறகுதான் வெளியே வந்தது.

சொல்லைத் திருத்தி மறுபடி எழுதியும் கத்தரீனா வேறுமாதிரி விளங்கிக்கொண்டார். 'சொல்லுப் பிழை எண்டு சமாளிக்காதையுங்கோ. உடம்பு வருத்தத்தை ஒளிக்கிறியள். ஒரு படம் அனுப்புங்கோ.' அந்தோனிதாசன் பத்திரிகையில் வந்த பந்தயப் படத்தை வெட்டி அனுப்பினார். ஆறு கிழமை கழித்துப் பதில் வந்தது: 'மற்றவர் போறார், நீங்கள் நிக்கிறியள். ஏலாமல் போச்சுதோ? தாலிக்கொடியை வித்து ஏஜென்சிக்காரனைப் பிடிச்செண்டாலும் வாறன்.'

களவாக ஆட்களை எல்லை கடத்தும் ஏஜென்சி வழியில் புறப்பட்டு, எந்த நாட்டில் இறக்கிவிடப்பட்டார்கள் என்று தெரியாமல் போனவர்களை அந்தோனிதாசன் அறிவார்.

1988 கோடையின் கடைசிப் போட்டியில் இறுதிப் பந்தயம்வரை வந்திருந்தார். "நில். அவன் முன்னால் போகட்டும்," என்றார் பிரெபன். அந்தோனிதாசன் பத்திரிகைப் படக்காரரிடம் போய், "நான் முன்னுக்குப் போகேக்கை எடு," என்று தனக்குத் தெரிந்த டேனிஷில் சொல்லிவிட்டு வந்தார்.

விசில் ஊதியதும் பறந்தார். பிரெபன் கத்தியது காதில் விழவில்லை. இரண்டரைச் சுற்று அவர்தான் முன்னால். கடைசி ஐம்பது மீற்றரில் எதிராளி வெளிப்பக்கமாக வந்து, ஒரு சக்கர அளவில் வென்றான்.

"ஏன்?" என்று கேட்டார் பிரெபன்.

விளக்க மொழி போதவில்லை. "மனைவி பாக்கிறா," என்றார்.

பிரெபன் பார்வையாளர் வாங்கு வரிசைகளைத் திரும்பிப் பார்த்தார். நாலைந்து டேனிஷ் முகங்கள்தான் இருந்தன. அடுத்த பருவத்துக்கு அந்தோனிதாசனைக் கழகம் கூப்பிடவில்லை.

படம் போய்ச் சேர்ந்தது. 'மெலிஞ்சு போனியள். ஆனால் ஓடுறியள். ஏஜென்சிக்காரனிட்ட வரேல்லை எண்டு சொல்லிட்டன்.'

அடுத்த ஆண்டு கோப்புகள் அசைந்தன. கத்தரீனாவுக்கு விசா கிடைத்தது. விமான நிலையத்தில் பெட்டியைக் கீழே வைத்ததும், கணவரின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.