தேசூரில் அவர், சேத்துப்பட்டில் நான்

ஆரணியிலிருந்து தயாளனின் அழைப்பு வந்தபோது நான் வேலூரில் என் வீட்டு வாசலில் கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். "சார், அக்கா போயிட்டாங்க" என்றார். ஏதோ ஊருக்குப் போய்விட்டார் என்றுதான் எனக்குப் பட்டது. "எங்க போயிட்டாங்க?" என்று கேட்டுவிட்டேன். "காலைல காபி எடுத்துகினு போனேன் சார். படுத்துகினே இருந்தாங்க. எழுந்துக்கவே இல்ல." தமக்கையை இழந்த ஒருவரிடம் அப்படிக் கேட்டதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

முனைவர் புவனேசுவரி என்னைவிட வயதில் இளையவர். மரங்களுக்கு வரும் நோய்களை ஆராய்வது அவர் வேலை. மரங்களைத் தின்னும் பூச்சிகளை ஆராய்வது என் வேலை. ஒரே ஆராய்ச்சி நிலையத்தில் எதிரெதிர் அறைகளில் பல ஆண்டுகள் இருந்தோம். சிறுநீரகம் பழுதானபின் அவர் விருப்ப ஓய்வு பெற்று ஆரணியில் பட்டு நெசவு செய்யும் தம்பி தயாளன் வீட்டுக்கே வந்துவிட்டார். அவருடன் பணியாற்றிய உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் தேசூரில் நடந்ததை உங்களில் பலர் பாதிதான் கேட்டிருப்பீர்கள். நீங்கள் கேட்ட பாதியில் என் பெயர் இருந்திருக்காது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் எங்கள் நிலையத்தில் சேர்ந்தார். சேர்ந்த வாரமே பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு சவுக்கு மரப்பட்டையை என் மேசைமேல் வைத்து, "சார், இது உங்க பூச்சி வேலையா, எங்க பூஞ்சை வேலையா?" என்று கேட்டார். பட்டையில் கொப்புளம் கொப்புளமாக வெடிப்பு. உரித்தால் உள்ளே கரியைப் பொடித்துக் கொட்டியதுபோல் பூஞ்சையின் வித்துகள். பக்கத்திலேயே பூச்சி துளைத்த ஓட்டையும் இருந்தது. நான் ஓட்டையைக் காட்டி, பூச்சிதான் முதலில் வந்தது, அது போட்ட வழியில்தான் பூஞ்சை நுழைந்தது என்றேன். "அப்படியும் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ரெண்டு பேரும் சேர்ந்தே பாத்துடலாமே" என்றார். எங்கள் கூட்டுவேலை அப்படித் தொடங்கியது. இரண்டு மழைக்காலம் கழிந்தபின் நான் சொன்னது தவறு என்று தெரிந்தது. நோயில் மரம் நலிந்த பிறகுதான் பூச்சி வருகிறது. ஜெயித்துவிட்டார் என்று நான் சிரித்தபோது அவர் சிரிக்கவில்லை. "மரம் செத்துகினு இருக்குது சார். இதுல யாரு ஜெயிச்சா என்ன?" என்றார்.

வேலையை வீட்டுக்கும் கொண்டுபோய்விடுவார். ஒரு விடுமுறையில், பட்டை மாதிரிகளை ஆரணி வீட்டு மொட்டைமாடியில் உலர்த்தியிருக்கிறார். காற்றடித்து அந்தக் கரிப்பொடி கீழே பறந்து, தயாளன் அலசிக் காயப்போட்டிருந்த மஞ்சள் பட்டு நூல்மேல் படிந்துவிட்டது. முகூர்த்தப் புடவைக்கான நூல். நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவும் தம்பியும் தெருவுக்கே கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தார்கள். "உன் சீக்கு மரத்த எல்லாம் காட்டுலயே வெச்சிக்கக்கா! கடசில என் நூலுக்கும் சீக்கு வந்துடும் போல இருக்குது" என்று தயாளன் கத்த, "பட்டுக்கு அது ஒண்ணும் பண்ணாதுடா, சவுக்கத்தான் பண்ணும்" என்று இவர் ஆராய்ச்சியாளராகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அன்று பகல் முழுதும் உட்கார்ந்து அந்த நூலை அவரே அலசிக்கொடுத்தார்.

இனி தேசூர். அந்த வட்டாரத்தில் சவுக்கு போடாத விவசாயி குறைவு. ஆனால் பக்கக் கிளைகளை வளரவிட்டுவிடுவதால் மரம் நெட்டையாகப் போகாமல் கோணிவிடும். இளம் வயதிலேயே கீழ்க்கிளைகளைக் கழித்துவிட்டால் கம்பு நேராக வளரும் என்று நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு நோட்டீஸ் எழுதினோம். கீழே இருவர் பெயரும் அச்சாகியிருந்தது. தோப்புகளில் செய்தும் காட்டவேண்டும் என்று நிலையத்தில் சொன்னார்கள். புவனேசுவரியின் அம்மா தேசூர்ப் பக்கத்தவர். அதனால் தேசூரை அவர் எடுத்துக்கொண்டார். பக்கத்துச் சேத்துப்பட்டை நான் எடுத்துக்கொண்டேன். அந்த ஐப்பசியில், மழைக்கு நடுவே, இருவரும் ஒரே மாதிரி வெட்டுக்கத்தியோடு போனோம். ஒரு மரத்தில் கிளை கழித்துக் காட்டிவிட்டு, அதே கத்தியோடு அடுத்த மரம். பிறகு அதற்கடுத்த மரம். கத்தியைத் துடைக்கவேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அப்போது எந்தப் பாடத்திலும் அது இல்லை.

தேசூரில் அவர் செய்துகாட்டிய தோப்பு ஏழுமலையுடையது. கூட்டத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்து உபசரித்தவர் அவர். அடுத்த கோடையில் அவருடைய தோப்பு காயத் தொடங்கியது. செய்தி வந்ததும் நாங்கள் இருவரும் போனோம். பட்டையை உரித்தால் அதே கரிப்பொடி. காற்றில் பரவியிருக்கும் என்று நான் சொன்னேன். புவனேசுவரி தோப்புக்குள் நடந்தார். வரிசையின் கடைசிவரை போய், திரும்பி, அடுத்த வரிசையில் வந்தார். நடுவில் ஓரிடத்தில் நின்றார். பிறகு தோப்பின் மறுமுனைக்குப் போய் அங்கிருந்து நடக்கத் தொடங்கினார். அவர் போகும் வழியெல்லாம் காய்ந்த மரங்களே இருந்தன. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பச்சையாக நின்றன.

"சார், இங்க வந்து பாருங்க. அன்னைக்கு இந்த இடத்துலதான் மோர் குடிக்க வெட்டுறத நிறுத்தினேன். அப்புறம் அந்தக் கோடியிலேர்ந்து ஆரம்பிச்சேன். காத்து இப்படி வளைஞ்சு போகுமா?"

வெளியே தெரியாமல் நோய் இருந்த ஏதோ ஒரு மரத்தைக் கத்தி தொட்டிருக்கிறது. அதன்பின் அவர் கை போன வழியெல்லாம் நோயும் போயிருக்கிறது.

வரப்பில் உட்கார்ந்து வெகுநேரம் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. "டாக்டரே சீக்கக் கொண்டாந்து வெச்சிட்டேன் சார்" என்று மட்டும் சொன்னார்.

நிலையத்துக்குத் திரும்பி எங்கள் மேலதிகாரியிடம் சொன்னோம். அவர் கெட்ட மனிதர் அல்லர். சோதனை செய்து உறுதிப்படுத்துங்கள், அதுவரை வெளியே பேசவேண்டாம், நிலையத்தின் பெயர் கெடும் என்றார். ஆராய்ச்சி ஒழுங்கின்படி அவர் சொன்னதில் குற்றம் காண முடியாது. நானும் அதைத்தான் சரி என்று நினைத்தேன். புவனேசுவரி கேட்டார்: "நாம உறுதி பண்ற வரைக்கும் அவங்க கத்தி சும்மா இருக்குமா சார்? நோட்டீஸ படிச்சிட்டு ஊர் பூரா வெட்டிகினு இருக்காங்க." மறுநாள் காலை பேருந்து ஏறிவிட்டார். நானும் கூடப் போனேன். அதை என் பெருமைக்காகச் சொல்லவில்லை. போனதால் என்ன ஆயிற்று என்பதைச் சொல்லத்தான் சொல்கிறேன்.

தேசூரில் பால் சொசைட்டி எதிரே ஆட்கள் கூடினார்கள். கிளை கழிப்பதை உடனே நிறுத்துங்கள், கத்தி வழியாகத்தான் நோய் பரவுகிறது என்று நினைக்கிறேன், ஏழுமலையின் தோப்பில் அப்படித்தான் பரவியிருக்கிறது என்று அவர் சொன்னார். ஏழுமலை எழுந்தார். அந்தத் தோப்பை வெட்டி மகனுக்கு டவுனில் ஒரு கடை வைத்துத்தர இருந்தவர்.

"அப்ப நீ கத்தி வெச்ச மரம்தான் செத்துதுன்ற?"

"ஆமாங்க. நான் வெச்ச கத்திதான்."

"தெரிஞ்சவளாச்சேன்னு உள்ள வுட்டேன் பாரு! எங்க ஊர்ப் பொண்ணு வயித்துல பொறந்துட்டு எங்களுக்கே குழி வெட்டிட்டியே! இனிமே என் வரப்புல கால் வைக்காத."

அதற்குமேலும் பேசினார். எழுதத் தகாத சொற்கள். சுற்றியிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் எழுந்து, "நோட்டீஸ் எழுதினதுல நானும் ஒருத்தன். சேத்துப்பட்டுல நானும் இதே மாதிரிதான் கத்திய தொடைக்காம வெட்டினேன்" என்றேன். ஒரு பெரியவர் கையமர்த்தினார். "நீங்க குந்துங்க சார். உங்க பக்கம் மரமெல்லாம் நல்லாத்தான இருக்குது." நாற்காலியை என் பக்கம் நகர்த்தி வைத்து, குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். புவனேசுவரி கடைசிவரை நின்றுகொண்டே இருந்தார். அவருக்கு யாரும் தண்ணீர் தரவில்லை.

சேத்துப்பட்டில் நான் தொட்ட தோப்பில் நோய் கண்ட மரம் ஒன்றுகூட இல்லாமல் போயிற்று. என் கத்திக்கு எடுத்துச்செல்ல எதுவும் கிடைக்கவில்லை. எங்கள் இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் அவ்வளவுதான். சேத்துப்பட்டுக்காரர்கள் கம்பு நேராக வளர்ந்திருக்கிறது என்று எனக்கு மாலை போட்டார்கள். மாலையோடு எடுத்த படம் நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் பல மாதங்கள் இருந்தது.

பிறகு சோதனையும் நடந்தது. நோய்மரத்தை வெட்டிய கத்தியால் ஒரு பகுதிக் கன்றுகளைக் கீறினோம். மறு பகுதிக்குக் கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டுக் கீறினோம். அவர் சொன்னது அப்படியே சரியாக இருந்தது. ஆனால் தடையை மீறிப் பேசியவர் என்று நிலையத்துக்கு எட்டியது அவர் பெயர் மட்டுமே; அதனால் சவுக்கு நோய்த் திட்டத்தின் தலைமை அவருக்குக் கிடைக்கவில்லை. எனக்கு வந்தது. மறுத்துவிடப் போகிறேன் என்று அவர் அறைக்குப் போய்ச் சொன்னேன். நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "நீங்க வேணாம்னா வேற யாராவது வந்து கோப்ப மூடி வெச்சிடுவாங்க. வாங்கிக்குங்க சார். என்ன வேலை செய்ய வுடுங்க, அது போதும்" என்றார். வாங்கிக்கொண்டேன். வேலை அவருடையது, பதவி என்னுடையது என்று அடுத்த பத்தாண்டு போயிற்று.

ஒவ்வொரு ஐப்பசியிலும் அவர் தேசூருக்குப் போவார். முதல் ஆண்டு ஏழுமலை வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார். அடுத்த ஆண்டு வெளியே வந்து, திட்டிவிட்டு உள்ளே போனார். அதற்கும் அடுத்த ஆண்டு, "வெயில்ல எத்தினி நேரம் நின்னுகினு இருப்ப, வந்து தொலை" என்று நிலத்துக்குள் விட்டார். நோய்ப்பட்ட அடிக்கட்டைகளைத் தோண்டி எரிப்பதில் புவனேசுவரியும் மண்வெட்டி பிடித்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். தண்ணீர் தேங்காமல் வடிகால் எடுத்து, கோடையில் மட்டும் கிளை கழித்து, ஒவ்வொரு மரத்துக்கும் கத்தியைத் துடைத்து, அந்த நிலத்தில் மறுபடியும் சவுக்கு எழுந்தது.

ஆரணிக்கு அவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் நான் ஒரே பேச்சைத்தான் எடுப்பேன். நானும்தானே வெட்டினேன், உங்களுக்கு மட்டும் ஏன் இப்படி என்று. வாரம் இருமுறை வேலூர் மருத்துவமனைக்கு வந்து ரத்தம் சுத்தம் செய்துகொள்ளும் நிலையில் இருந்தவரிடம் போய் என் மனபாரத்தை இறக்கியிருக்கிறேன். கடைசியாகப் பார்த்த அன்று பொறுமை இழந்துவிட்டார். "மறுபடியும் ஆரம்பிக்காதீங்க சார். உங்க குத்த உணர்ச்சிக்குக் காபி போட்டுக் குடுத்தே நான் ஓஞ்சு போயிட்டேன். வேற எதாச்சும் பேசுங்களேன். ஊர்ல மழை பேஞ்சுதா?" நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். மழையைப் பற்றிப் பேசினோம். அன்று எனக்குக் கோபம்கூட வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். ஆறுதல் கேட்டுப் போனவனுக்கு அது கிடைக்காத கோபம்.

இறுதிச் சடங்கு அன்று தெருவில் தறிகளை நிறுத்தியிருந்தார்கள். உடலை எடுத்துப் போனபின் தயாளன் வீட்டெதிரே போட்டிருந்த நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவரைச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. ஏழுமலை. தலை முழுக்க நரைத்திருந்தது.

"அந்தம்மா ஒருத்தரையே பேசிட்டோம் சார்" என்றார். "நோட்டீஸ்ல உங்க பேரும்தான இருந்துச்சு."

"இருந்துச்சு. அன்னைக்கு நானும் சொன்னேன். உங்க ஊர்ப் பெரியவர்தான் என்ன உக்கார வெச்சிட்டாரு. இப்பவாவது ரெண்டு வார்த்தை கேட்டுடுங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "உங்கள ஒண்ணும் சொல்லாம வுட்டோமே, அது மரியாதைன்னு நெனச்சுகினீங்களா? நீங்க வெளியாளு சார். வெளியாளப் பேசி இன்னா ஆவப்போவுது? அந்தம்மா எங்க ஆளு. அதனால வாய்க்கு வந்தபடி பேசினோம். அவங்களும் எங்க ஆளா இருக்கவேதான் திரும்பித் திரும்பி வந்தாங்க." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கோவம் முழுக்கப் போயிடுச்சின்னு சொல்ல மாட்டேன். மகன் கடை போனது போனதுதான். ஆனா அவங்க இல்லாம ஐப்பசி எப்படி வரும்னு தெரியல."

கிளம்பும்போது, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கியவர்போல நின்று, "இந்த வருசம் நீங்க வரீங்களா?" என்றார்.

போனேன். மூலையில் ஒரு மரத்தின் பட்டையில் வெடிப்பு இருந்தது. அது அந்த நோயா என்று எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். தெரிகிறவரை இந்த மரத்துப் பக்கம் கத்தியைக் கொண்டுபோகாதீர்கள் என்றேன். ஏழுமலை வெடிப்பைத் தடவிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, தோப்பில் வேலை செய்துகொண்டிருந்த ஆட்கள் எல்லாம் நிமிர்ந்து பார்க்கும்படி கத்தினார். "இத்தினி வருசம் எங்க சார் போயிருந்தீங்க? அந்த ஒடம்ப வெச்சிகினு அந்தம்மா வந்தாங்களே, உங்களுக்குக் கால் இல்லியா? கூட ஒருதரம் வந்திருக்கக் கூடாதா?"

அத்தனையையும் நின்று கேட்டுக்கொண்டேன்.

புவனேசுவரி விட்டுப்போனவற்றில் கட்டுரைகள் நிலையத்தில் இருக்கின்றன. கருவிகள் ஒரு கல்லூரிக்குப் போய்விட்டன. என் பங்குக்கு வந்தது, தேசூரில் என்னையும் திட்டுகிற ஒரு மனிதர். அடுத்த ஐப்பசியிலும் போவேன்.