தங்கையின் பழைய போன்

அந்த மே மாதத்தில் எனக்கு ஒழுங்காகக் கிடைத்த ஒரே விடுமுறை நாளை ஒரு போன் தின்று தீர்த்தது. காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, புது சாஃப்ட்வேர் வந்திருக்கிறது, போடவா என்று கேட்டது. சரி என்று அமுக்கினேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான். திரை கறுத்து, கம்பெனி முத்திரை வந்து, அதன் கீழே ஒரு வெள்ளைக் கோடு பாதிவரை ஊர்ந்து நின்றுவிட்டது. குளித்துவிட்டு வந்து பார்த்தேன், சமைத்துவிட்டு வந்து பார்த்தேன். கோடு அசையவில்லை.

புதுசு வாங்கிக்கொள்ளலாமே என்றார் என் கணவர். சொல்வது சுலபம். மகள் வீட்டிலிருந்த கடைசி வருடம் முழுவதும் படங்களாக அந்தப் போனுக்குள் இருந்தது. பள்ளியின் பிரிவு விழாவுக்கு என் சேலையைக் கட்டிக்கொண்டு நின்றது, ஹாஸ்டலுக்குப் பெட்டி அடுக்கியது, ரயில் ஜன்னலில் கை காட்டியது எல்லாம். அவள் போனபிறகு டெல்லி மயூர் விஹாரில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் நாங்கள் இருவர்தான். ஆஸ்பத்திரியில் டியூட்டி முடிந்து வந்ததும் அந்தப் படங்களைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இன்னொரு பிரதி எடுத்து வைக்க எனக்குத் தோன்றவே இல்லை.

போன் முதலில் என் தங்கையுடையது. நாங்கள் நாகர்கோவில் பக்கம். இருவருமே நர்ஸ். நான் டெல்லியோடு நின்றுவிட்டேன், அவள் அயர்லாந்துக்குப் போனாள். புதுப் போன் வாங்கியதும் பழையதை எனக்குக் கொடுத்தனுப்பினாள். கணக்கை மெதுவாக உன் பேருக்கு மாற்றிக்கொள் என்றாள். அப்போது எங்களுக்குள் பேச்சு இருந்தது.

போன செப்டம்பரில் தன் கணவர், இரண்டு பிள்ளைகளோடு ஊருக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டில் ஒருநாள் தங்குவதாகச் சொன்னாள். நெய்மீன் கறி வைத்தேன். இந்த ஊரில் மரச்சீனிக் கிழங்கு தேடி அலைந்து வாங்கி அவித்தேன். மேசையில் ஆறு தட்டு வைத்து, அவளுக்கு அனுப்பலாமென்று ஒரு படமும் எடுத்தேன். அனுப்புவதற்குள் அவளே கூப்பிட்டாள். ஏர்போர்ட் பக்கத்து ஹோட்டலில் இருக்கிறார்களாம். பிள்ளைகளுக்கு எங்கள் வீட்டுச் சூடு தாங்காதாம். அன்றோடு பேச்சை நிறுத்தினேன். அவள் அழைத்தால் எடுப்பதில்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்துக்குக்கூடப் பதில் போடவில்லை.

வெள்ளைக் கோடு நின்ற அன்று, வெயிலோடு வெயிலாக மெட்ரோ பிடித்து, போன் கடைகள் நிறைந்த கரோல் பாகுக்குப் போனேன். முதல் கடைக்காரர் போனைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "போர்டு கயா, மேடம்" என்றார். போர்டே போய்விட்டதாம். அடுத்த கடைக்காரர், "அச்சா, ஹோ ஜாயேகா. லேகின் டேட்டா ஜாயேகா" என்றார். சரியாகிவிடும், ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். போவதற்காகவா இவ்வளவு தூரம் வந்தேன்? பிடுங்காத குறையாகப் போனை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

வீட்டில் மகளுடைய பழைய லேப்டாப் இருந்தது. இணையத்தில் படித்தபடி செய்தேன். சத்தம் கூட்டும் பொத்தானை அமுக்கி விட வேண்டும், குறைப்பதை அமுக்கி விட வேண்டும், பக்கவாட்டுப் பொத்தானை மட்டும் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். விரல் மரத்துப்போன பிறகு திரையில் ஒரு கேபிள் படம் வந்தது. லேப்டாப் இரண்டு வழி சொன்னது. ஒன்றில் சாஃப்ட்வேர் மட்டும் மாறும், படங்கள் இருக்கும். மற்றதில் எல்லாமே அழிந்துவிடும். முதலாவதைத்தான் அமுக்கினேன்.

சாஃப்ட்வேர் இறங்க ஆரம்பித்தது. இறங்கியது, இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. முடிவதற்குள் போன் சலித்துப்போய் மறுபடி முத்திரைக்கே போய்விட்டது. திரும்பவும் பொத்தான்கள். இந்த முறை முடியப் போகிற நேரத்தில் கரண்ட் போனது. வைஃபை அணைந்தது, ஃபேன் நின்றது, என் பொறுமையும் போனது. கரண்ட் வந்து மறுபடி செய்தால், 'தெரியாத பிழை' என்று சொல்லி ஒரு நான்கு இலக்க எண். தெரியாத பிழைக்கு எதற்கு எண்? அந்த எண்ணைத் தேடினால், கேபிளை மாற்று, வேறு இடத்தில் செருகு, வேறு கம்ப்யூட்டரில் பார் என்று இருந்தது. எந்த எண்ணைத் தேடினாலும் அதே பதில்தான். என்ன வியாதி என்று தெரியாதபோது எங்கள் டாக்டர்கள் எல்லா டெஸ்டையும் எழுதித் தருவார்களே, அதுதான் ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டில் கேபிள் இரவல் வாங்கினேன். அதற்கு வேறொரு எண் வந்தது.

"கொஞ்சம் பொறுமையா செய்யேன்" என்றார் கணவர்.

"நீங்க ஒண்ணு செய்யுங்க. அந்தப் பக்கம் போய் இருங்க" என்றேன்.

கடைசியில் முதல் வழியே திரையில் இல்லாமல் போனது. அழித்துவிட்டுப் புதிதாகப் போடு என்ற பொத்தான் மட்டும்தான் இருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அமுக்கிவிட்டேன். வெள்ளைக் கோடு, காலையிலிருந்து நகராத அதே கோடு, சரசரவென்று ஓடி முடிந்தது.

போன் வணக்கம் சொன்னது. மொழி கேட்டது, வைஃபை கேட்டது. அப்புறம், இந்தப் போன் இன்னாருடைய கணக்கில் பூட்டப்பட்டிருக்கிறது என்று ஒரு ஈமெயிலைக் காட்டியது. முதல் எழுத்து தங்கையுடையது, மீதியெல்லாம் புள்ளிகள். கணக்கை நான் மாற்றவே இல்லை.

கணவர் எட்டிப் பார்த்தார். "அவ கணக்குன்னா படமெல்லாம் அதுலயே சேந்திருக்குமோ என்னமோ. கேட்டுப் பாரேன். நான் வேணும்னா கேக்கேன்."

அவர் கேட்பதைவிட நானே கேட்பது மேல். அவருடைய போனிலிருந்து அழைத்தேன்.

"சொல்லுங்க அத்தான்" என்றாள்.

"நான்தான். போன் கேடாயிட்டு. ஒன் பாஸ்வேர்டு வேணும்."

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அவளுக்கு வந்த ஓடிபியையும் சொன்னாள். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பூட்டு திறந்தது. படங்கள் சாம்பல் நிறக் கட்டங்களாக வந்து, ஒவ்வொன்றாக நிறம் பிடித்தன. என் சேலையில் மகள் நின்றாள்.

"படமெல்லாம் வருது" என்றேன், யாரிடம் என்றில்லாமல்.

"வரும்க்கா. ஒண்ணும் போயிருக்காது. நான் தினமும் பாக்கதுதானே."

"எதைப் பாக்க?"

"ஒன் படங்களை. பிள்ளைங்க டேப்லெட்ல இப்பவும் அந்தப் பழைய கணக்குதான் கெடக்கு. நீ எடுக்கது எல்லாம் இங்க வந்திரும். சொல்லணும்னு எத்தன வாட்டி கூப்பிட்டேன், நீ எடுத்தாத்தானே. ஆமா, முட்டு எப்படி இருக்கு? எக்ஸ்ரே பாத்தேன். இன்னும் மூணு மாடி ஏறிக்கிட்டா இருக்க?"

டாக்டரிடம் காட்ட நான் போனில் படமெடுத்து வைத்த முழங்கால் எக்ஸ்ரே அது. மகளிடம்கூடச் சொல்லவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை மாதமும் இவளை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இவளோ அடுக்களை வரை வந்து போய்க்கொண்டிருந்திருக்கிறாள். அடுக்களை என்றதும் அந்தப் படம் நினைவுக்கு வந்தது.

"மேசை போட்டு வச்சிருந்த படமும் பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்ப பாத்த?"

"அன்னைக்கே. ஹோட்டல்ல வச்சே பாத்தேன்க்கா. ஆறு தட்டு. அப்பமே ஒரு டாக்சி பிடிச்சு வந்திருக்கணும். ஒன் மூஞ்சிய எப்படிப் பாக்கதுன்னு பயந்து அங்கயே இருந்திட்டேன்."

அப்புறம் நான் திட்ட ஆரம்பித்தேன். மீன் வாங்கியதிலிருந்து தொடங்கி, கிழங்குக்கு அலைந்தது, மிஞ்சியதை இரண்டு நாள் நாங்களே தின்றது, கிறிஸ்துமஸ் அன்று போன் அடித்து அடித்து ஓய்ந்தது வரை ஒன்றையும் விடவில்லை. கணவர் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினார். நான் திட்டி முடிக்கும்வரை அவள் போனை வைக்கவில்லை.