கைப்பிடியை விடாத இளைஞன்

என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். இதைப் படித்து அச்சுக்குத் தரப்போகிறவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்தாவதோடு நின்றவன். அதுவும் பாலாறு செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில். மைசூருக்கு வந்த பிறகு தமிழில் எழுதும்படி எனக்கு எந்த வேலையும் வாய்க்கவில்லை. ரகர றகரம் இடம் மாறியிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். பெயர்களை மட்டும் கேட்காதீர்கள். யார் பெயரையும் எழுத முடியாது. ஏன் என்பது போகப்போகத் தெரிந்துவிடும்.

என் தம்பிக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு உண்டு. ஊரில் எல்லோருக்கும் அது தெரியும். அப்பா இறந்த பிறகு அம்மா, நான், தம்பி, தங்கை நால்வரும் மைசூருக்கு வந்தோம். இங்கே யாருக்கும் தெரியாது. தெரியவே கூடாது என்பது அம்மாவின் முடிவு. கூடப் பிறந்தவனுக்கு வலிப்பு என்றால் அது ரத்தத்தில் வரும் என்பார்கள், தங்கையை யாரும் கட்டமாட்டார்கள். பெரியாஸ்பத்திரியில் தம்பிக்குக் கொடுத்த மாத்திரைகளை அம்மா சமையலறையில் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். யாராவது பார்த்துவிட்டால் அல்சர் என்று சொல்ல வேண்டும்.

தம்பி அக்ரஹாரத்தில் ஒரு பாத்திரக் கடையில் வேலை பார்த்தான். நான் ஊதுவத்தி கோடவுனில் பெட்டி ஏற்றி இறக்குகிறவன். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. தம்பி அப்படியில்லை. சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். ஆனால் அவனை யாரும் சைக்கிள் ஏற விட்டதில்லை. ஏணியில் ஏறக் கூடாது, ஆற்றில் இறங்கக் கூடாது, அடுப்பருகில் நிற்கக் கூடாது. இருபத்தைந்து வயது வரைக்கும் அவன் ஓட்டியது ஒரே ஒரு வண்டிதான். அது பெரிய தெருவில் ஒரு வீடியோ கேம் கடைக்குள் இருந்தது.

சின்னக் கடை அது. சுவரோரமாக நாலு மிஷின். டோக்கன் போட்டால் திரையில் ஒரு சிவப்புக் கார் வரும். தம்பி ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுப் போய் ஒரு டோக்கன் வாங்குவான். கார் எதிலும் மோதாதவரை ஆட்டம் முடியாது என்பதால் அந்த ஒரு டோக்கனை மெதுவாக, பார்த்துப் பார்த்துச் செலவழிப்பான். "அண்ணா, வளைவுல திருப்பறப்ப வயித்துக்குள்ள ஜிவ்வுங்குது," என்பான். நான் உள்ளே போகக் கூச்சப்பட்டு வாசலில் நிற்பேன். கடைக்காரர் கன்னடக்காரர், பருமனானவர், தெரிந்த தமிழை வைத்துக்கொண்டு எங்களிடம் பேசுவார்.

அன்றைக்கும் வாசலில்தான் நின்றிருந்தேன். தம்பி டோக்கனைப் போட்டான். கார் கிளம்பி முதல் வளைவைத் தாண்டியிருக்காது. அவன் கழுத்து ஒரு பக்கமாக இழுத்தது. விழுந்துவிட்டான்.

வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சாவிக்கொத்து, அரிவாள், எது அகப்பட்டாலும். அதனால் ஒரு பயனும் இல்லை என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வேறு எதுவும் தோன்றாது. வாழ்நாளில் நான் சத்தம் போட்டது அன்றைக்குத்தான். "கப்பிண! கப்பிண!" என்று கத்தினேன். இரும்புக்குக் கன்னடத்தில் அதுதான் சொல். கடைக்காரர் மேஜை டிராயரை இழுத்து, பழுதாகிக் கழற்றி வைத்திருந்த ஒரு மிஷினின் இரும்புக் கைப்பிடியை எடுத்துத் தம்பியின் கையில் திணித்தார். அவன் தலையைத் தன் மடியில் வைத்து, வாயோரத்து நுரையைத் தன் துண்டாலேயே துடைத்தார். பக்கத்து போட்டோ ஸ்டூடியோக்காரர் கூட்டத்தைப் பார்த்துவிட்டு கேமராவோடு வந்தார். ஏதோ பளிச்சென்று அடித்தது. நான் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

மறுநாள் மத்தியானம் கோடவுனில் சோற்று டப்பாவைத் திறந்தபோது எங்கள் குமாஸ்தா ஒரு கன்னடப் பேப்பரை விரித்துச் சத்தமாகப் படித்தார். தலைப்பு இதுதான்: வீடியோ கேம் பைத்தியம், மயங்கி விழுந்தும் கைப்பிடியை விடாத இளைஞன். கீழே அந்த ஸ்டூடியோக்காரர் எடுத்த படம். பாதி முகம், வாயோரத்து நுரை, விரல்கள் இறுகிப் பிடித்த இரும்பு.

காலையிலிருந்து சோறு தண்ணீர் இல்லாமல் விளையாடினான் என்று எழுதியிருந்தது. கல்லூரிப் படிப்பைக் கெடுத்துக்கொண்டான் என்று எழுதியிருந்தது. அவன் கல்லூரி வாசலையே மிதித்ததில்லை. இப்படிப்பட்டவர்கள் முதலில் வீட்டில் திருடுவார்கள், பிறகு வேலை பார்க்கும் இடத்தில் கை வைப்பார்கள் என்று பெயர் சொல்லாத ஒரு நிபுணர் சொல்லியிருந்தார்.

"எப்படி இறுக்கிப் புடிச்சிருக்கான் பாருய்யா. பொண்டாட்டி கையைக்கூட எவனும் இப்படிப் புடிக்கமாட்டான்," என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். குமாஸ்தா படத்தை உற்றுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. நான் டப்பாவை மூடிவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் தங்கைக்கு, எல்லைக்கு இந்தப் பக்கம் எங்கள் ஆட்கள் இருக்கும் ராமாபுரத்திலிருந்து ஒரு வரன் வந்து, பேச்சு முடியும் நிலையில் இருந்தது. இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளையின் தாய்மாமன் பஸ் பிடித்து வந்தார். ராகி, நிலக்கடலை வியாபாரம் செய்பவர். உட்கார்ந்ததும் இடுப்பிலிருந்து அந்தப் பேப்பரை எடுத்தார்.

"ஏனுங்கக்கா, இது நம்ம பையந்தானுங்களா?"

அம்மா படத்தில் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். நானும் அதைத்தான் பார்த்தேன். எங்கள் பக்கத்து ஆட்கள் யாராக இருந்தாலும், நுரையும் கையில் இரும்பும் ஒன்றாகத் தெரிந்தால் வேறு விளக்கம் தேவைப்படாது.

"நான் எதுக்கு ஓடியாந்தேன்னா," என்றார் அவர், "எங்கக்கா படத்தப் பாத்த ஒடனே, கையில என்னடா இரும்புன்னு கேட்டுப்போட்டா. வலிப்பு கிலிப்பு இருக்குமோன்னு அவளுக்கு ஒரே ரோசனை. அப்பறம் பக்கத்து வீட்டுப் பையன் படிச்சுச் சொன்னான், அது கேமுக் கைப்புடின்னு. இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வான்னு அனுப்பிச்சா."

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க," என்றாள் அம்மா. குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. "அந்த எழவெடுத்த வெளையாட்டுதானுங்க. சொன்னாக் கேக்கறதில்ல."

தம்பி உள்ளேயிருந்து காப்பித் தம்ளரோடு வந்தான். "ஆமாங்க மாமா. கையில புடிச்சா உட மனசு வராதுங்க. இனி அந்தப் பக்கமே போகமாட்டேனுங்க."

அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "அடங்கொக்கமக்கா! மயக்கத்துலயும் வண்டி ஓட்டியிருக்கறயே! செரி செரி, வயசுப் பையன். ஒரு கல்யாணத்தப் பண்ணி வெச்சா எல்லாம் எறங்கிப் போயிரும்."

கதவுக்குப் பின்னால் தங்கை நின்றிருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. அவர் போன பிறகு தம்பி சொன்னான், "விடுண்ணா. வலிப்புன்னா ஆயுசுக்கும் ஒட்டிக்கும். பைத்தியம்னா தெளிஞ்சிரும். பாப்பா கல்யாணம் ஆகட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்."

பிறகு அந்தச் செய்தியை எழுதிய பேப்பர்காரர் எங்கள் வீட்டுக்கே வந்தார். சின்ன வயதுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். அவருக்கும் தம்பிக்கும் கன்னடத்தில் நடந்த பேச்சை நினைவிலிருந்து எழுதுகிறேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஆடுவீங்க?"

"நீங்களே போட்டுக்குங்க சார்."

"பசிக்காதா?"

"திரையில பெட்ரோல் ஏறினா எனக்கு வயிறு நெறஞ்சிரும் சார்."

பேப்பர்காரர் ஆசையாக எழுதிக்கொண்டார். தம்பிக்கு அதில் ஒரு விளையாட்டுப் புத்தி வந்துவிட்டது. தூக்கத்தில் கட்டிலைத் திருப்புவேன் என்றான். எங்கள் வீட்டில் கட்டிலே கிடையாது. நான் சுவரோரமாக நின்றிருந்தேன். ரேஷன் கடை வரிசையில் மண்ணெண்ணெய் டின்னோடு நின்றபோதும் இவன் இப்படித்தான் விழுந்தான், கோயில் கூட்டத்தில் விழுந்தான், பஸ்ஸில் விழுந்தான் என்று சொல்ல என் நாக்கு வரைக்கும் வந்தது. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அது உள்ளே போய்விட்டது.

அந்தக் கட்டுரைக்குப் பிறகு ஊரில் யார் வீட்டுப் பையன் பரீட்சையில் தோற்றாலும், யார் வீட்டுப் பையன் பணம் எடுத்துக்கொண்டு ஓடினாலும் அந்தச் செய்தியோடு என் தம்பியின் படத்தைப் போட்டார்கள். அவர்களிடம் இருந்த ஒரே படம் அதுதான் போலிருக்கிறது. பெற்றோர்கள் திரண்டுபோய்க் கேம் கடையின் போர்டைக் கழற்றிப் போட்டார்கள். போலீஸ் வந்து பூட்டியது. வெகு நாள் கழித்து அந்தக் கடைக்காரரை மார்க்கெட்டில் பார்த்தேன். மிஷின்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார். கோபமே இல்லை.

"நீங்க கப்பிண கேட்டீங்க, நான் கொட்டே. ஏனு தப்பு மாடிதே நானு?" என்றார். கொடுத்தேன், நான் என்ன தப்புச் செய்தேன் என்று கேட்கிறார். பிறகு, "தம்பி சென்னாக இருக்கானா?" என்று நலம் விசாரித்துவிட்டுப் போனார்.

தம்பி நன்றாக இல்லை. பாத்திரக் கடை முதலாளி அவனை நிறுத்திவிட்டார். கல்லாவில் எதுவும் குறையவில்லை. "குறைஞ்ச பெறகு நிறுத்தறதுக்கு இப்பவே நிறுத்திடறது நல்லதுப்பா," என்றாராம். அடுத்த கடையிலும் அப்படித்தான். தண்ணீர்க் குழாயடியில் அவனுக்குப் பெயரே கேம் என்று ஆகிவிட்டது. "ஏய் கேமு, குடத்தைப் பாத்து எடு, ஸ்டீயரிங் இல்ல அது." அவனும் பதிலுக்குக் குடத்தை வளைத்துத் திருப்பிக் காட்டுவான். எல்லோரும் சிரிப்பார்கள். வீட்டுக்குள் வந்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துப் படுத்துவிடுவான்.

தங்கைக்குக் கல்யாணம் ஆயிற்று. இனிமேல் சொல்லிவிடலாம் என்றேன் அம்மாவிடம். "இப்பச் சொன்னா மறைச்சுக் கட்டிக் கொடுத்தீங்கன்னு திருப்பி அனுப்பிருவாங்க. அவ வயித்துல ஒண்ணு தங்கட்டும்," என்றாள். தங்கியது. குழந்தை பிறக்கட்டும் என்றாள். ஆண் குழந்தை பிறந்தது. "இப்பச் சொன்னா அந்தப் பிஞ்சையில்ல ஒரு மாதிரியாப் பாப்பாங்க," என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. இது எந்த நாளிலும் சொல்ல முடியாத விஷயம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தம்பிக்கு அது முன்பே புரிந்திருக்க வேண்டும். அவன் ஒருபோதும் நினைவுபடுத்தவில்லை.

ஒரு தடவை அவன் நடுத்தெருவில் விழுந்தபோது எங்கள் சந்துக்காரர்கள் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது புதிதாக வந்திருந்த ஒரு டாக்டர் அவனைக் கேட்டுக்கொண்டிருந்தார். சுற்றிலும் சந்துக்காரர்கள். "பேப்பர்ல வந்த பையன் சார், கேம் ஆடி ஆடி மூளை சூடாயிருச்சு," என்று ஒருவர் முந்திக்கொண்டார். டாக்டர் தம்பியைப் பார்த்து, "அப்படியா?" என்றார். அவன் கூட்டத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஆமா சார், கேம்தான்," என்றான். நன்றாகத் தூங்கு, விளையாட்டை விடு என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவன் கேம் கடை வாசலைப் பார்த்தே வருஷங்கள் ஆகியிருந்தன. கடையே இல்லை.

கடைசியில் ஊருக்கு வெளியே, கட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டிடத்தில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. அங்கே யாரும் பேப்பர் படிக்கிறவர்கள் இல்லை. சந்தோஷமாகத்தான் போனான். சிமெண்டு வேலைக்குத் தண்ணீர் பிடித்து வைக்கும் தொட்டி ஒன்று அங்கே இருந்தது. காலையில் அதன் ஓரத்தில் முகம் கழுவப் போனவன் அதற்குள் குப்புறக் கிடந்தான். தண்ணீர் என் முழங்காலுக்குக்கூட வரவில்லை. நான் இறங்கித்தான் தூக்கினேன்.

பேப்பரில் மூன்று வரி வந்தது. வீடியோ கேம் பழக்கத்தால் வாழ்வை இழந்த இளைஞர் தற்கொலை. இந்த முறை யாரும் எங்களை வந்து கேட்கவில்லை. முழங்கால் தண்ணீரில் ஒரு மனிதன் எப்படித் தற்கொலை செய்துகொள்வான் என்று யாரும் யோசிக்கவுமில்லை. நான் அந்த மூன்று வரியை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். எழவுக்கு வந்த ராமாபுரத்துக்காரர்கள், "இந்தக் கேமைக் கண்டுபுடிச்சவன் வெளங்குவானா," என்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகச் சபித்தார்கள். அம்மா தலையை ஆட்டினாள். அன்றைக்குப் பிறகு அவள் அதிகம் பேசவில்லை. பிறகு அவளும் போய்ச்சேர்ந்துவிட்டாள்.

போன வாரம் தங்கை குழந்தையோடு வந்திருந்தாள். அவள் வீட்டில் டி.வி.யைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்களாம், மாமன் புத்தி மருமகனுக்கு வந்துவிடக் கூடாது என்று. பையன் என் மடியில் உட்கார்ந்து தீப்பெட்டியை உருட்டிக்கொண்டிருந்தான். தங்கை அவனை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. சாப்பிடும்போதும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தூங்கிய பிறகு மெல்ல என்னிடம் சொன்னாள்.

"அண்ணா, முந்தா நாளு ஒரு நிமிசம் ஒரே பக்கமாப் பாத்துட்டே நின்னான். கூப்புட்டேன், திரும்பல. அப்பறம் சிரிச்சுட்டான். அங்க யாரும் பாக்கல."

"டாக்டர்கிட்டக் காட்டுனியா?"

"யாரைக் கூட்டிக்கிட்டுப் போறது? என்னன்னு சொல்லிப் போறது?"

நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். அவள் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். மறுநாள் காலை பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். ஜன்னல் வழியாக அவள் என்னைப் பார்க்கவில்லை, மடியில் இருந்த பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் செய்ய முடிந்தது இதை எழுதியது மட்டும்தான்.

1999 மார்ச் 14, ஞாயிற்றுக்கிழமை.